நவம்பரில் வேண்டாம், ஜனவரியில் சரி

2020 நவம்பர் 9. ‘16-ஆம் தேதி ஒன்பது முதல் பிளஸ் டூ வரைக்கும் பள்ளி திறக்கலாமா?’ன்னு தமிழ்நாடு முழுக்கப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. ஆளுக்கொரு பதில். 12-ஆம் தேதியே அந்தத் திறப்பு ரத்து.

நான் அப்போ பிளஸ் டூ. கொட்டிவாக்கத்தில் எங்க வீட்டில் லேப்டாப், வைஃபை எல்லாம் உண்டு, கூடவே பாட்டியும். அம்மா ‘வேண்டாம்’னு எழுதினாங்க. பக்கத்துத் தெரு நண்பன் வீட்டில் ஒரே போன், அதுவும் காலையில் அப்பாவோட வேலைக்குப் போயிடும். அவங்க அம்மா ‘திறங்க’ன்னு எழுதினாங்க. கல்வித் தொலைக்காட்சி இருந்துச்சு, ஆனா டிவிகிட்ட டவுட் கேக்க முடியாதே! கேள்வி கொரோனாவைப் பத்தி; பதிலை முடிவு பண்ணினது வீட்டில் என்ன இருக்குங்கிறதுதான். ஆசிரியர்களுக்கும் இதே இழுபறி. கேமரா ஆஃப் பண்ணின வகுப்புக்குப் பாடம் நடத்தி அலுத்துப்போனாங்க, ஆனா தடுப்பூசி இன்னும் வரலை.

ஜனவரியில் மறுபடியும் அதே கேள்வி. தொற்று குறைஞ்சிருந்தது, பொதுத்தேர்வு பயம் கூடியிருந்தது. பெரும்பாலான பெற்றோர் சரின்னாங்க. 2021 ஜனவரி 19-ல் பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் வகுப்பு தொடங்கியது: அறைக்கு 25 பேர், பெற்றோரின் சம்மதக் கடிதம் அவசியம். அம்மா கையெழுத்துப் போட ஒரு வாரம் ஆச்சு, பாட்டி படுக்கையை உள்ரூமுக்கு மாத்தின பிறகுதான்.

ஜூன் 5-ல் அந்தப் பொதுத்தேர்வே ரத்தாச்சு.