உங்களுக்குத் தெரியுமா? மைக்செட் வால்வும் மின்கிட்டாரும்

● பத்தமடைப் பக்கம் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டும் மைக்செட்டும் கட்டாயம். டிரான்சிஸ்டர் பரவும் வரை மைக்செட் ஆம்ப்ளிஃபயருக்குள் எரிந்தது கண்ணாடி வால்வு. சத்தம் கூடிக் குழாய் ஸ்பீக்கர் கரகரத்தால் மைக்செட்காரருக்குத் திட்டு விழும். கிட்டார்காரர்களோ அந்தக் கரகரப்பைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

● 6எல்6 என்ற பவர் வால்வை ஆர்.சி.ஏ. நிறுவனம் 1936-இல் கொண்டுவந்தது. பொதுக்கூட்ட ஆம்ப்ளிஃபயர்களில் புகுந்து பேர் வாங்கிய அதே வால்வுதான் பிற்பாடு ஃபெண்டர் கிட்டார் ஆம்ப்களிலும் ஏறியது. பழைய மைக்செட் ஆம்ப்பை வாங்கி கிட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்பவர்கள் வெளிநாடுகளில் இன்றும் உண்டு.

● 6எல்6 என்ற பெயரின் தொடக்கத்திலுள்ள 6, வால்வின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ட்டைக் குறிக்கிறது. ஏன் இந்த அரைகுறைக் கணக்கு? அந்தக்கால கார் பேட்டரியில் மூன்று செல், செல்லுக்கு 2.1 வோல்ட்.

● லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் ஒரு டிரம்மர். 1960-களின் தொடக்கத்தில், ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பின் சுற்றை ஒட்டி அவர் கடையில் உருவானதுதான் முதல் மார்ஷல் ஆம்ப். பாடகர்களுக்கான மைக்செட் ஆம்ப்களையும் அவர் விற்றார்.

● சத்தம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் டிரான்சிஸ்டர் ஒலியலையின் உச்சியைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு மெதுவாக மழுக்கும். மெல்ல மீட்டினால் ஸ்வரம் தெளிவாக வரும், ஓங்கி மீட்டினால் தடித்துக் கரகரக்கும். புதிதாக வாசிப்பவர்கள் குமிழைத் திருகுவார்கள். பழகியவர்கள் விரலாலேயே முடித்துக்கொள்வார்கள். இந்த மழுக்கலால் இன்னொரு லாபம்: உரத்த முனை அடங்குவதால், தேயும் ஸ்வரம் நெடுநேரம் ஒரே அளவில் நிற்பதுபோலக் கேட்கும். கமகம் வாசிக்க இது பெரிய வரம். கம்பியை ஒருமுறை மீட்டிவிட்டு மூன்று நான்கு ஸ்வரங்களை வளைத்தெடுக்க வேண்டுமே, அதற்குள் நாதம் செத்துவிட்டால் தோடி ராகம் எங்கே நிற்பது? மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினை எடுத்ததற்கும் இந்த நீளும் நாதம்தான் முக்கியக் காரணம் என்பேன். கர்நாடக கிட்டார் கலைஞர் பிரசன்னா, ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-இல் ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ என்ற ஆல்பத்தைத் தந்தார்.

● பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (1954-இல் தொடங்கியது) ஒருகாலத்தில் ரேடியோ வால்வுகள் செய்தது. அந்த முத்திரையுள்ள பழைய வால்வுகளுக்கு வெளிநாட்டு ஆம்ப் பிரியர்களிடம் இன்றும் கிராக்கி. பரணில் பழைய வால்வு ரேடியோ கிடந்தால் காயலான் கடைக்குப் போடும்முன் யோசியுங்கள்.

● 1976-இல் சோவியத் விமானி ஒருவர் மிக்-25 போர்விமானத்தோடு ஜப்பானில் போய் இறங்கினார். பிரித்துப் பார்த்தவர்களுக்கு வியப்பு: டிரான்சிஸ்டர் காலத்திலும் ரேடாரில் வால்வுகள்! ரஷ்யாவின் சரடோவ் நகர ஆலையில் இன்றும் வால்வுகள் தயாராகின்றன. அவற்றுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் கிட்டார்காரர்கள்தான்.

● ஆம்ப் முகப்பில் இழுத்துக் கட்டிய துணி வெறும் அழகுக்கல்ல. ஸ்பீக்கரைக் காக்க வேண்டும், காற்றையும் விட வேண்டும். கோரையை நெருக்கி நெய்த நம் பத்தமடைப் பட்டுப்பாய் அங்கே கண்ணுக்கு எடுப்பாக இருக்கும். காதுக்குத்தான் நஷ்டம், கீச்சு ஒலியெல்லாம் பாயோடு நின்றுவிடும்.

● ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். அணைத்த பிறகும் மூடியைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள்: கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேங்கியிருக்கலாம்.