மாதிரிப் புகையிரதத்துக்கு இலக்கமுறைக் கட்டுப்பாடு

சிறுவரின் விளையாட்டுப் பொருளாய்த் தோன்றிய மாதிரிப் புகையிரதம், இங்கிலாந்து, ஜேர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் நெடுங்காலமாகவே வளர்ந்தோரின் பொழுதுபோக்காகவும் விளங்கி வருகின்றது. ஓர் அறையின் சுவரோரமாகப் பலகை அமைத்து, அதன்மீது தண்டவாளமும் நிலையமும் குன்றும் பாலமும் ஆக்கி, உண்மையான எஞ்சினை 76-இல் ஒரு பங்காகவோ 87-இல் ஒரு பங்காகவோ சுருக்கி ஓட்டுவதில் அவர்கள் பல்லாண்டுகளைச் செலவிடுகின்றனர். அத்தகைய ஒருவர் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. டிஜிட்டல் எனப்படும் இலக்கமுறைக் கட்டுப்பாடுகள் பல கடையில் இருக்க, அவற்றுள் எதனைத் தெரிவது? வினா சிறிது, ஆயினும் விடை பிழைத்தால், முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த எஞ்சின்கள் ஏவல் கேளாத பொம்மைகளாய் நின்றுவிடவும் கூடும்.

முதலில் பழைய முறையை நோக்குதல் தகும். இரு தண்டவாளங்களிலும் 12 வோல்ற்று வரையுள்ள நேரோட்டம் செலுத்தப்படும். அழுத்தத்தைக் கூட்டினால் எஞ்சின் விரையும், குறைத்தால் தளரும், மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் பின்னோக்கிச் செல்லும். இம்முறை எளிது. ஆனால், ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்கள் நிற்குமாயின் இரண்டும் ஒருங்கே ஓடத் தொடங்கும். இதனைத் தவிர்க்கப் பாதையைப் பல பகுதிகளாகத் துண்டித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளி வைத்தனர். அதனால் ஓட்டுபவரின் கவனம் புகையிரதத்தின்மீது நில்லாது ஆளிகளின்மீதே நின்றது.

இலக்கமுறையில் தண்டவாளத்தில் முழு அழுத்தமும் எப்பொழுதும் இருக்கும். மாறுவது மின்னோட்டத்தின் திசை மட்டுமே. அதுவும் ஒரு செக்கனில் பல்லாயிரம் தடவை மாறும். இம்மாற்றத்தின் தாளமே செய்தியாகின்றது. மாற்றத்தின் ஒவ்வொரு பாதியும் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 58 பங்கு நீடித்தால் அது ‘1’ என்னும் குறி. 100 பங்கோ அதற்கு மேலோ நீடித்தால் ‘0’ என்னும் குறி. ஒவ்வொரு எஞ்சினுள்ளும் பொருத்தப்பட்ட டிகோடர் என்னும் சிறு மின்பொறி இக்குறிகளைப் படிக்கின்றது. வகுப்பில் ஆசிரியர் இடாப்பைப் பார்த்து ஒரு பெயரை அழைக்கும்போது மாணவர் அனைவரும் கேட்பர். எழுந்து நிற்பவன் அப்பெயருக்குரியவன் மட்டுமே. அதுபோலவே, தனது இலக்கம் தாங்கிய கட்டளைக்கே ஒவ்வோர் எஞ்சினும் பணிகின்றது. செய்தியின் இறுதியில் சரிபார்க்கும் எண் ஒன்றும் வரும். அது பொருந்தாவிடின் டிகோடர் அக்கட்டளையைப் புறக்கணிக்கும். மோட்டரை இயக்கும் வலுவும் அதே மின்னோட்டத்திலிருந்தே பெறப்படும்.

இம்முறையின் வரலாறு வாங்குவோருக்கு ஒரு பாடமாகும். 1979-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஹோர்ன்பி நிறுவனம் ‘ஸீரோ 1’ என்னும் அமைப்பை வெளியிட்டது. அது 16 எஞ்சின்களைத் தனித்தனியே ஆளவல்லது. அக்காலத்தில் பெரும் புதுமை. 1980-களில் ஜேர்மனியின் மார்க்ளின் நிறுவனமும் தனக்கென ஓர் அமைப்பை விற்றது. ஒவ்வொன்றும் தன் தன் மொழியையே பேசிற்று. ‘ஸீரோ 1’ கடைகளிலிருந்து மறைந்தபோது, அதற்கெனப் பொருத்திய பொறிகள் பிறர் கட்டளைக்குச் செவிசாய்க்கவில்லை. பின்னர், 1935-இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் பல முறைகளையும் ஆராய்ந்து, ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, 1990-களில் ஒரு பொது நியமத்தை வகுத்தது. அதுவே டி.சி.சி. எனப்படுவது. இதனால் ஒரு நிறுவனத்தின் டிகோடர் மற்றொரு நிறுவனத்தின் கட்டளைப் பெட்டிக்கும் பணிகின்றது. ஆகவே, தெரிவின் முதல் விதி இதுதான்: தண்டவாளத்தில் பொது மொழி பேசும் பெட்டியையே வாங்குதல் வேண்டும். பெட்டி பழுதடைந்தாலும் எஞ்சின்கள் பயன் இழவா.

ஆனால், பொது மொழி தண்டவாளத்தோடு நின்றுவிடுகின்றது என்பதைப் பலர் வாங்கிய பின்னரே அறிகின்றனர். கட்டளைப் பெட்டிக்கும் அதனோடு இணையும் கைக்கருவிக்கும் இடையே நிறுவனங்கள் வெவ்வேறு மொழிகளைக் கையாளுகின்றன. லென்ஸ் கையாளுவது எக்ஸ்பிரஸ்நெற். அமெரிக்காவின் டிஜிட்ராக்ஸ் கையாளுவது லோகோநெற். ஒன்றின் கைக்கருவி மற்றொன்றோடு நேரே இணங்காது. எனவே, பெட்டியை வாங்குபவர் ஒரு குடும்பத்துட் புகுகின்றார் எனலாம். அயலிலுள்ள கழகத்தவரும் நண்பரும் எதனைப் பயன்படுத்துகின்றனர் என்று வினவுதல் இதனாலேயே நன்று. பழுது நேரும்போது உதவுபவர் அவர்களே.

அடுத்து நோக்கத்தக்கது கை. சில கருவிகளில் திருகும் குமிழ் உண்டு; சிலவற்றில் பொத்தான்கள் மட்டுமே; கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரையாலும் இன்று எஞ்சினை ஓட்டலாம். குமிழைப் பாராமலே திருகலாம். திரையையோ பார்த்தே தொடவேண்டும். பார்வை திரைக்குச் சென்ற கணத்தில் எஞ்சின் தடத்தின் முடிவை முட்டக்கூடும். முதியவரின் விரலுக்கும் சிறுவரின் விரலுக்கும் எது இசைகின்றது என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. கையில் எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தலே வழி.

மூன்றாவது, வலுவும் காப்பும். மிகுந்த அம்பியர் தரும் பெட்டியே சிறந்தது என்பது தவறான எண்ணம். 15 வோல்ற்றில் 5 அம்பியர் என்பது 75 உவாற்று. எஞ்சின் தடம்புரண்டு குறுஞ்சுற்று நேர்ந்தால், அத்துணை வலுவும் ஒரு சிறு சக்கரத்தின் அடியில் வெப்பமாகிப் பிளாத்திக்கை உருக்கவல்லது. ஆகவே, பெட்டி உடனே மின்னைத் துண்டிக்கின்றதா என்று சோதித்தல் வேண்டும். பாதையின் தொலைவான இடங்களில் இரு தண்டவாளங்களையும் தொடுமாறு ஒரு நாணயத்தை வைத்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. மின் துண்டிக்கப்படாவிடின் பெரும்பாலும் குற்றம் பெட்டியினதன்று. கம்பி மெலிது, அல்லது இணைப்புத் தளர்ந்தது. தடித்த கம்பியால் அதனைத் திருத்தியபின்பே எஞ்சினை ஓடவிடல் வேண்டும்.

இறுதியாகச் செலவு. பெட்டி ஒன்று, டிகோடரோ எஞ்சின்தோறும் ஒன்று. இருபது எஞ்சின் உடையவருக்கு டிகோடர்களின் மொத்த விலை பெட்டியின் விலையையும் விஞ்சலாம். புதிய எஞ்சின்கள் பலவற்றில் பொருத்துவதற்கான இடம் ஆயத்தமாகவே இருக்கும். பழைய எஞ்சின்கள் சிலவற்றிலோ மோட்டர் உலோகச் சட்டத்தோடு மின்தொடர்பு கொண்டிருக்கும்; அத்தொடர்பை நீக்காது பொருத்தினால் டிகோடர் எரிந்துபோகும். ஆதலின், முதலில் ஓர் எஞ்சினில் மட்டும் பொருத்திப் பழகி, பின்னரே ஏனையவற்றைத் தொடுதல் அறிவுடைமை. ஒரு நேரத்தில் ஓர் எஞ்சின் மட்டுமே ஓடும் சிறு பாதைக்குப் பழைய முறையே போதும் என்று முடிவு செய்வதிலும் இழுக்கில்லை.

எத்தனை பொத்தான்கள் உள்ளன என்று எண்ணுவது தெரிவாகாது. எத்தனை எஞ்சின்கள் ஒருங்கே ஓடும், யார் கையால் ஓடும், பழுதுற்றால் யார் துணை நிற்பார் என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்பவர் பணத்தையும் காப்பார்; பல்லாண்டு தேடிய எஞ்சின்களையும் காப்பார்.