ஆரல் கடலும் அதன் இரு நதிகளும்

1960ஆம் ஆண்டை ஒட்டி அச்சான ஆசியப் படம் ஒன்று உங்கள் நூலகத்தில் இருந்தால், அதை எடுத்து விரித்துப் பாருங்கள். காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே, பாலைநிலத்தின் நடுவில், நீல நிறத்தில் ஒரு பெரிய நீர்ப்பரப்புத் தென்படும். அதுவே ஆரல் கடல். கடல் என்று பெயர் பெற்றிருந்தாலும் அது உண்மையில் ஓர் ஏரியே. அதன் பரப்பு அன்று ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர். அஃதாவது, இலங்கைத் தீவு முழுவதையும் அதனுள் வைத்துவிடலாம். இனி, அண்மையில் அச்சான படம் ஒன்றை அதனருகே விரியுங்கள். அந்த நீலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே சிதறிய துண்டுகளாக எஞ்சியிருக்கும். ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் ஒரு கடல் வற்றிப்போன வரலாறு இது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அந்நிலத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். ஆரல் கடலைச் சூழ்ந்துள்ள பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டர் அளவே. தெற்கே காரகூம் என்னும் பாலைவனம், கிழக்கே கிசில்கூம். துருக்கிய மொழிகளில் முன்னதற்குக் கருமணல் என்றும் பின்னதற்குச் செம்மணல் என்றும் பொருள். இத்தகைய வறண்ட நாட்டில் கடல் இருந்ததற்குக் காரணம் இரண்டு நதிகளே. பாமீர் மலைகளின் பனியிலிருந்து ஆமு தாரியா பிறக்கிறது. தியன்ஷான் மலைகளிலிருந்து ஸிர் தாரியா வருகிறது. கிரேக்கர்கள் ஆக்ஸஸ், ஜக்ஸார்ட்டஸ் என்று குறித்த நதிகள் இவையே. இவ்விரண்டும் சேர்ந்து ஆண்டுதோறும் 50 கன கிலோமீட்டருக்கும் மிகுதியான நீரை ஆரலில் கொண்டுவந்து சேர்த்தன. மறுபுறம், கடலின் மேற்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர அளவு நீரை வெயில் குடித்தது. ஆரலிலிருந்து வெளியே செல்லும் ஆறு எதுவும் கிடையாது. ஆகவே வரவும் செலவும் சமமாக இருந்த வரையில் கடல் நிலைத்து நின்றது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர் நேர்ந்தவை யாவும் எளிதில் விளங்கும்.

நதிநீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்துவது அந்நாட்டு மக்களுக்குப் புதிதன்று. சாமர்க்கண்டு, புகாரா, கீவா ஆகிய புகழ்பெற்ற நகரங்கள் வாய்க்கால் பாசனத்தால் தழைத்தவை. மொகலாய அரசை நம் நாட்டில் நிறுவிய பாபர் 1483இல் பிறந்த ஆண்டிஜான் நகரமும் ஸிர் தாரியா பாயும் பெர்கானா பள்ளத்தாக்கிலேயே உள்ளது. அங்கே கோதுமை, திராட்சை, முலாம்பழம், பட்டு, ஓரளவு பருத்தி ஆகியவை விளைந்தன. எடுத்த நீரில் ஒரு பகுதி மீண்டும் ஆற்றை அடைந்தது, கடல் குறையவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறத் தொடங்கியது. ருஷ்யப் படைகள் தெற்கே முன்னேறி, 1865இல் தாஷ்கண்டையும் 1868இல் சாமர்க்கண்டையும் கைப்பற்றின. 1873இல் கீவாவும் பணிந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, உலகெங்கும் பருத்திப் பஞ்சம் ஏற்பட்டது. மாஸ்கோவைச் சூழ்ந்திருந்த நெசவாலைகள் பஞ்சின்றித் தவித்தன. துருக்கிஸ்தானம் ருஷ்யர் கைக்கு வந்தபின், அந்த ஆலைகளுக்கு வேண்டிய பருத்தியை அங்கேயே விளைவிக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1880களில் அமெரிக்கப் பருத்தி விதை பரப்பப்பட்டது. காஸ்பியன் கரையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1888இல் சாமர்க்கண்டை எட்டியது; 1906இல் ஓரன்பர்க்கிலிருந்து தாஷ்கண்டுக்கு மற்றொரு பாதை திறக்கப்பட்டது. வடக்கே பருத்தி சென்றது. தெற்கே தானியம் வந்தது. முன்பு தன் உணவைத் தானே விளைவித்துக்கொண்ட நாடு, இப்போது ரயில் வண்டியை எதிர்பார்த்து உண்ணத் தலைப்பட்டது. புரட்சியும் உள்நாட்டுக் கலகமும் இருப்புப்பாதையைத் துண்டித்த 1917, 1918ஆம் ஆண்டுகளில் அம்மக்கள் கொடும் பஞ்சத்துக்கு இரையானதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சோவியத் ஆட்சி வந்தபின் எல்லைகள் திருத்தப்பட்டு, உஸ்பெக், துருக்மேன், தாஜிக், கிர்கிஸ், கசாக் என மொழி, இன அடிப்படையில் குடியரசுகள் அமைந்தன. பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. எழுத்தறிவு விரைந்து பரவியது. அதே வேளையில் கூட்டுப்பண்ணை முறை கட்டாயமாகப் புகுத்தப்பட்டதால், 1930களின் தொடக்கத்தில் கசாக்கிய மேய்ச்சல் மக்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியால் மாண்டனர். பருத்தியைப் பொறுத்த மட்டில், பழைய கொள்கையே பன்மடங்கு பெரிதாகத் தொடர்ந்தது. சைபீரியத் தானியத்தைப் பருத்தி நாட்டுக்குக் கொண்டுவரும் துர்க்ஸிப் இருப்புப்பாதை 1930இல் இணைக்கப்பட்டது. 1939இல் ஏறக்குறைய 1,60,000 உழவர்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்தி, ஏறக்குறைய 270 கிலோமீட்டர் நீளமுள்ள பெர்கானாப் பெருங்கால்வாயை 45 நாட்களில் வெட்டி முடித்தனர். 1954இல் காரகூம் கால்வாய் வேலை தொடங்கியது. ஆமு தாரியாவின் நீரைப் பாலைவனத்தின் குறுக்கே மேற்கு நோக்கிக் கொண்டுசென்ற இக்கால்வாய், இறுதியில் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது.

இக்கால்வாய்களிற் பல காரை பூசாமல் வெறும் மணலில் வெட்டப்பட்டவை. ஆகையால் பயிரை அடையுமுன்னரே பெருமளவு நீர் மண்ணுக்குள் கசிந்தது. வடிகால் சரிவர அமையாத வயல்களில் நிலத்தடி நீர் மேலேறி, உப்பை மேற்பரப்பில் விட்டுச் சென்றது; வயல் உவர் நிலமாயிற்று. அந்த உவரைக் கழுவ மேலும் நீர் வேண்டியதாயிற்று. இங்ஙனம், நீர் பாய்ச்சியதால் வந்த கேட்டைத் தீர்க்க மீண்டும் நீரே செலவாயிற்று. 1960இல் ஏறக்குறைய 45 லட்சம் ஹெக்டேராக இருந்த பாசன நிலம், 1980களில் 70 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. உஸ்பெக் குடியரசு மட்டும் ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கு மேல் பருத்தி கொடுத்ததாக அரசுக் கணக்குகள் கூறின. மேலிடம் விதித்த இலக்கை எட்டியதாகக் காட்டப் பொய்க்கணக்கு எழுதப்பட்டதும் 1980களில் வெளிவந்தது. பருத்தியை அங்கே வெள்ளைத் தங்கம் என்று அழைத்தனர். அதைப் பறிப்பதற்காக இலையுதிர் காலத்தில் உங்களையொத்த பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் வாரக்கணக்கில் வயலுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வழக்கம் சோவியத் ஆட்சி முடிந்த பின்னும் பல்லாண்டுகள் நீடித்தது. அரசின் கட்டாயத்தால் நடந்த பருத்திப் பறிப்பு உஸ்பெகிஸ்தானில் முடிவுக்கு வந்துவிட்டதென்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2022இல்தான் அறிவித்தது.

கடலின் கதி என்னவாயிற்று? வரவு குறைந்தது; வெயில் மட்டும் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளவில்லை. 1960களில் நீர்மட்டம் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் அளவு தாழ்ந்தது. 1980களில் அவ்வீழ்ச்சி ஆண்டுக்கு 80 சென்டிமீட்டரை எட்டியது. சில ஆண்டுகளில் ஆமு தாரியாவின் நீர் கடலை ஏறக்குறைய எட்டவே இல்லை. 1987இல் கடல் வடக்கே சிற்றாரல், தெற்கே பேராரல் என இரண்டாகப் பிரிந்தது. ஒரு லிட்டர் நீரில் 10 கிராமாக இருந்த உப்பு, பிற்காலத்தில் பேராரலில் 100 கிராமுக்கும் மேலே சென்றது. பெருங்கடல் நீரிலும் 35 கிராம் உப்பே உண்டு என்பதை எண்ணிப் பார்த்தால், மீன்கள் ஏன் மடிந்தன என்பது விளங்கும். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் கொடுத்த கடலில், 1980களின் தொடக்கத்தில் மீன்பிடி தொழிலே நின்றுவிட்டது.

ஆமு தாரியாவின் கழிமுகத்தில் முய்நாக் என்னும் துறைமுக நகரம் இருந்தது. அங்கு வாழ்வோர் காரகல்பாக்கியர். அவ்வூரின் மீன் பதனிடும் ஆலையை மூடாமல் காக்க, பால்டிக் கடல் போன்ற தொலைவிடங்களிலிருந்து ரயிலில் மீன் கொண்டுவரப்பட்டது. அது எத்தனை காலம் நடக்கும்? இன்று கரை அவ்வூரைவிட்டு 100 கிலோமீட்டருக்கு அப்பால் விலகிவிட்டது. மணலில் துருப்பிடித்து நிற்கும் மீன்பிடி கப்பல்களைக் காண வெளியூரார் வருகின்றனர். வறண்ட கடலடியின் உப்பும், வயல்களிலிருந்து ஆறு கொண்டுவந்து சேர்த்த பூச்சிமருந்தின் எச்சமும் காற்றில் புழுதியாய் எழுகின்றன. இரத்தச் சோகையும் மூச்சு நோய்களும் அப்பகுதி மக்களைப் பெரிதும் வருத்தின. பருத்தியால் வந்த ஊதியம் மாஸ்கோவின் கணக்கில் வரவாக எழுதப்பட்டது. இந்த நோயும் வேலையின்மையும் எந்தக் கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை.

கடல் சுருங்கும் என்பது திட்டமிட்டோருக்குத் தெரியாததன்று. மீனைவிடப் பருத்திக்கு விலை அதிகம். ஆகவே கடலை இழந்தாலும் ஆதாயமே என்று அவர்கள் கருதினர். பின்னர், சைபீரிய நதிகளின் நீரைத் தெற்கே திருப்பி இழப்பை ஈடுசெய்யலாம் என்றொரு மாபெருந்திட்டம் தீட்டப்பட்டது. 1986இல் அது கைவிடப்பட்டது.

1991இல் சோவியத் யூனியன் கலைந்தபோது, ஓர் ஆட்சியின் கீழ் இருந்த நதிகள் பல நாடுகளின் நதிகளாயின. இதனால் எழுந்த சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஸிர் தாரியாவின் தலையாறான நாரினில், கிர்கிஸ்தானத்தில், டொக்டகுல் என்னும் பெரிய அணை உள்ளது. சோவியத் காலத்தில் அது கோடையில் நீரைத் திறந்து கீழ்நாட்டு வயல்களுக்கு உதவியது. குளிர்காலத்துக்கு வேண்டிய நிலக்கரியும் எரிவாயுவும் கீழ்நாடுகளிலிருந்து கிர்கிஸ்தானத்துக்குச் சென்றன. 1991க்குப் பின் எரிபொருளுக்கு விலை கேட்கப்பட்டது. கிர்கிஸ்தானம் குளிரைச் சமாளிக்க மின்சாரம் தேடி, நீரைக் குளிர்காலத்தில் திறந்தது. விளைவு, குளிர்காலத்தில் கீழே வெள்ளம், கோடையில் தட்டுப்பாடு. ஐந்து நாடுகளும் 1992இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு பழைய பங்கீட்டையே தொடர இசைந்தன. ஆயினும் பிணக்கு முற்றிலும் தீரவில்லை.

இத்துயரக் கதையில் நம்பிக்கையளிக்கும் பகுதி ஒன்றும் உண்டு. பிரிந்துபோன சிற்றாரலுக்கு ஸிர் தாரியாவின் நீர் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது தெற்கேயுள்ள பேராரலுக்குள் வழிந்து வீணாக ஆவியாயிற்று. அந்த இடைவெளியை அடைக்க உள்ளூர் மக்கள் 1990களில் மணல் அணை எழுப்பினர். 1999இல் அது உடைந்தது. பின்னர்க் கசாக்கிய அரசு உலக வங்கியின் கடனுதவியோடு கட்டிய கோக் ஆரல் அணை 2005இல் முடிவுற்றது. அதன் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஓராண்டுக்குள், எதிர்பார்த்ததைவிட விரைவாக நீர்மட்டம் உயர்ந்தது, உப்புக் குறைந்தது, மீன்கள் திரும்பின, படகுகளும் திரும்பின. காரணம் எளிது. சிறிய பரப்பில் வெயில் குடிப்பது குறைவு. ஆகவே வருகின்ற நீர் செலவை ஈடுசெய்கிறது. எனினும், வடக்கே தடுத்த நீர் தெற்கே செல்வதில்லை. பேராரலின் கிழக்குப் பகுதி 2014இல் முற்றிலும் வறண்டது. அங்கே புழுதியை அடக்க உஸ்பெகிஸ்தான் இப்போது சாக்ஸால் என்னும் பாலைவனப் புதர்களை நட்டு வருகிறது.

கணக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. 2022இல் ஆப்கானிஸ்தான் ஆமு தாரியாவிலிருந்து 285 கிலோமீட்டர் நீளத்தில் கோஷ் தெபா என்னும் கால்வாயை வெட்டத் தொடங்கியது. 1992ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அந்நாட்டுக்குப் பங்கில்லை. அங்கும் வயலுக்கு நீரின்றி வாடும் உழவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது தவறென்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அக்கால்வாயும் மணல் நிலத்தின் வழியே செல்கிறது. அதில் ஓடும் நீரில் எவ்வளவு வயலைச் சேரும், எவ்வளவு மண்ணில் கசியும், கீழ்நாட்டாருக்கு எவ்வளவு எஞ்சும் என்று இப்போதே கேட்பது அவசியம். 1954இல் காரகூம் கால்வாய்க்கு முதல் மண்வெட்டி விழுந்தபோது, முய்நாக் மீனவர்களை அழைத்து இக்கேள்விகளை எவரும் கேட்கவில்லை.