தயவு அன்று, உரிமை

பணம் கொடுத்து டிக்கெட்டு வாங்கிய பிரயாணிக்கு விமானத்தில் ஆசனம் உரிமையாகுமா, அல்லது கம்பெனியார் மனமிரங்கி அளித்தால்தான் உண்டா? விமானப் பிரயாணம் செல்வருக்கே உரியது என்றிருந்த காலம் மலையேறிவிட்டபடியால், இக்கேள்விக்கு விடை அறிவது பிரஜைகள் யாவருக்கும் அவசியமாகும்.

நமது பிரதேசத்தையே எடுத்துக் கொள்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் வியாபாரிகள் மாதிரிச் சரக்குடன் கான்பூருக்கும் கல்கத்தாவுக்கும் செல்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயாளிகள் வந்து திரும்புகிறார்கள். இவர்கள் 100 கிலோமீட்டருக்கு மேல் சென்றே மீனம்பாக்கத்தில் விமானம் ஏற வேண்டும். அங்கே, "இடம் நிரம்பிவிட்டது, நாளை வாருங்கள்" என்றால் வியாபாரியின் ஒப்பந்தம் கைநழுவும். நோயாளிக்கோ தங்க இடமும் இராது, கையில் காசும் இராது.

இது தற்செயலாக நேரும் பிசகன்று. டிக்கெட்டு வாங்கியவர்களில் சிலர் வராமற் போவார்கள் என்று கணக்கிட்டு, உள்ள ஆசனங்களுக்கு அதிகமாகவே விற்பது கம்பெனிகளின் வழக்கம். கணக்குப் பொய்த்தால் அதன் நஷ்டத்தைச் சுமப்பவன் ஏமாளிப் பிரயாணியே.

சட்டம் அவனைக் கைவிடவில்லை. 2016 ஆகஸ்டு 1ந் தேதி முதல் அமலுக்கு வந்த மத்திய சர்க்காரின் விமான இலாகா விதிப்படி, கம்பெனியார் முதலில் தாமாக விட்டுக்கொடுக்க முன்வருவோரைத் தேட வேண்டும். உறுதியான டிக்கெட்டுடன் குறித்த நேரத்தில் ஆஜரானவரை, அவர் சம்மதமின்றி நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் வேறு விமானத்தில் அனுப்ப வேண்டும். தவறினால், மாற்று விமானம் 24 மணிக்குள் புறப்படுமாயின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரு மடங்கு, 10,000 ரூபாய்க்கு மேற்படாமல், நஷ்ட ஈடு உண்டு. அதற்கும் தாமதமானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை உண்டு. இவ்விஷயத்தில் தவறியதற்காக 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு 10 லட்ச ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

உயர்ந்த வகுப்பு ஆசனம் இனாமாகக் கிடைக்குமா என்று சிப்பந்திகளிடம் பல்லிளிப்போர் சிலருண்டு. அது தயவு, அடிக்கடி பறக்கும் வாடிக்கைக்காரருக்கே பெரும்பாலும் போகும். ஆனால், வாங்கிய வகுப்பிலிருந்து தாழ்ந்த வகுப்புக்குத் தள்ளப்பட்டவருக்கு, 2023 பிப்ரவரி 15 முதல், உள்நாட்டுப் பிரயாணத்தில் வரியுட்பட டிக்கெட்டு விலையில் 75 சதவிகிதம் திரும்பக் கிடைக்க வேண்டும். இது உரிமை. இரண்டையும் குழப்புவதே நமது பலவீனம்.

எனவே பிரயாணி முன்கூட்டியே பதிவு செய்து ஆசன எண்ணைப் பெறுக. மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்து மூலம் கேட்டு வாங்குக. வாய்ச் சொல்லுக்கும் சாப்பாட்டுச் சீட்டுக்கும் மயங்கற்க. 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனியின் தலைமைக் காரியாலயம் எங்கிருந்தாலும், தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் கமிஷனிலேயே வழக்கிடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை.

ஒருவருக்கு நேர்ந்த அநீதி பலருக்கு நியாயம் தேடித் தரும். 1972ல் அமெரிக்காவில் ரால்ப் நேடர் என்பாரை ஒரு விமானக் கம்பெனி ஏற்ற மறுத்தது. அவர் தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1976ல் வழக்காட இடமுண்டு என்று தீர்ப்பாயிற்று. 1978ல், விட்டுக்கொடுப்போரையே முதலில் தேட வேண்டுமென்ற விதி அந்நாட்டில் பிறந்தது.

முதல் வகுப்பு டிக்கெட்டு கையிலிருந்தும், 1893 ஜூன் 7ந் தேதி இரவு மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியடிகள் ரயிலிலிருந்து தள்ளப்பட்டதை நாடறியும். அது நிறத்திமிர் செய்த கொடுமை. இது லாபக் கணக்கு செய்யும் அநீதி. இரண்டும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆயினும், அன்று அன்னியச் சட்டத்தின் கீழ் நின்ற அவரே பணிய மறுத்தார். இன்று நாமே இயற்றிய சட்டம் பக்கத்தில் நிற்கையில், நாம் வாய்மூடித் திரும்புவது தகுமா? தேசத்தொண்டர்கள் இவ்விதிகளைத் தமிழில் அச்சிட்டு, தோல் மண்டிகளிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் வழங்குவார்களாக.