சும்மா நிற்கும் புல்லட்டின் சிரமமான வேலை

சிக்னலில் ஒரு பழைய புல்லட் நிற்கிறது. ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை. ஆனாலும் என்ஜின் 'டப்... டப்...' என்று நிதானமாக அடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி சும்மா நிற்கிறது என்று நினைப்போம். என்ஜினுக்கோ, மேட்டில் ஏறுவதைவிட இதுதான் சிரமமான வேலை. இந்த நிலைக்கு 'வெற்றோட்டம்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பட்டறையில் 'ஐட்லிங்' என்பார்கள், அல்லது 'ஸ்லோ' என்பார்கள். பழைய வண்டிக்காரர்கள் அதிகம் சொல்லும் புகாரும் இதுதான்: "ஸ்லோ நிக்க மாட்டேங்குது."

புல்லட் மோட்டார்சைக்கிளைத் தயாரிக்க 1955இல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து வடிவமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. ரெடிச்சில் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் கழிந்தும் திருவொற்றியூரில் அந்த என்ஜின் பிறந்துகொண்டே இருந்தது. ஒரே சிலிண்டர். 70 மி.மீ. விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. வெற்றோட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பெட்ரோல் எரியும். ஆக நிமிடத்துக்கு 450 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்புக்கும் செலவாகும் பெட்ரோல், தோராயமாகப் பார்த்தால், ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துளியை நொடிக்கு ஏழெட்டு முறை, ஏறக்குறைய அதே அளவில், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் அளந்து கொடுக்க வேண்டும்.

அளப்பது கார்ப்பரேட்டர். பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும். கன அளவில் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகள் ஒன்பதில் அடங்கும் காற்று அது. அந்தத் தொட்டிக்குள் மிதக்கும் பந்து, தண்ணீர் நிறைந்ததும் குழாயை மூடுகிறதல்லவா? கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் அதே ஏற்பாடுதான். மிதவை மேலே வந்ததும் ஒரு சிறு ஊசி பெட்ரோல் வழியை அடைத்துவிடும். இந்த மட்டம் ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலே கலவை மாறும்.

கிண்ணத்துப் பெட்ரோலை மேலே இழுப்பது காற்று. குறுகலான வழியில் பாயும்போது காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். இத்தாலிய விஞ்ஞானி ஜொவானி பத்திஸ்தா வெஞ்சுரி 1797இல் விளக்கிய இந்த விளைவு, அழுத்தம் குறைந்த இடத்துக்குப் பெட்ரோலை உறிஞ்சிக் கொண்டுவருகிறது. ஆனால் வெற்றோட்டத்தில் ஒரு சிக்கல். காற்று வழியில் ஏறி இறங்கும் 'ஸ்லைடு' கிட்டத்தட்ட மூடியிருக்கும். காற்றுக்கு வேகம் இல்லை. பெட்ரோல் வரும் பிரதானத் துளையான 'ஜெட்'டிலிருந்து அது எழாது.

அதனால் கார்ப்பரேட்டருக்குள்ளேயே இன்னொரு குட்டிக் கார்ப்பரேட்டர் ஒளிந்திருக்கிறது. ஸ்லைடுக்குப் பின்னால், என்ஜின் பக்கம், உறிஞ்சும் விசை பலமாக இருக்கும். அங்கே ஒரு நுண்துளை. அதற்குப் பெட்ரோல் தருவது 'பைலட் ஜெட்' என்ற சிறு பித்தளைத் துண்டு. அதன் துளை கால் மில்லிமீட்டர் அளவுதான். பெட்ரோலோடு சேரும் காற்றின் அளவை 'ஏர் ஸ்க்ரூ' கட்டுப்படுத்தும். ஜப்பானின் மிகுனி வடிவமைப்பைப் பின்பற்றிப் புல்லட்டுக்கு வந்த கார்ப்பரேட்டரில், இந்த ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் காற்று கூடும், உள்ளே திருப்பினால் பெட்ரோலின் பங்கு கூடும்.

என்ஜின் தானே தனக்கு வைத்துக்கொள்ளும் இடைஞ்சல் ஒன்றும் உண்டு. முந்தைய வெடிப்பின் புகையில் ஒரு பகுதி சிலிண்டரிலேயே தங்கிவிடும். இந்த 'எச்சவளி', புதிதாக வரும் கலவையோடு கலந்து எரிதலை மந்தமாக்கும். நன்றாக முறுக்கி ஓட்டும்போது புதுக்கலவை ஏராளம் என்பதால் இது பொருட்டில்லை. வெற்றோட்டத்திலோ புதுக்கலவையே கொஞ்சம். ஒரு வெடிப்பு சொதப்பினால் அடுத்த வெடிப்பு வரை என்ஜினைச் சுழற்றி வைத்திருப்பது கனத்த ஃப்ளைவீல் சக்கரங்கள்தாம். புல்லட்டின் நிதானத் தாளம் அவை தந்தது.

இப்போது நோய்க்கு வருவோம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவு மிஞ்சும். கால் மில்லிமீட்டர் துளையை அடைக்க அது போதும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் அளவு மீறினால் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். சோக் போட்டால் ஓடி, எடுத்ததும் அணைந்தால் முதல் சந்தேகம் பைலட் ஜெட் மேல். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றழுத்தமும் போதும்.

முறுக்கிவிட்டபின் என்ஜின் உடனே இறங்காமல் மேலேயே தொங்கினால், அது 'ஏர் எடுக்கிறது'. கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலான இணைப்பில், கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று பொருள். ஓடும் என்ஜினில் அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவுங்கள். ஒரு கணம் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். மாறாகக் கரும்புகை வந்து, சூடேறியதும் தாளம் தளர்ந்து அணைந்தால், பெட்ரோல் அதிகம்.

கார்ப்பரேட்டர் மீது பழி விழும் பல சமயம் குற்றவாளி மின்பொறி. பழைய புல்லட்டில் 'பாயின்ட்' என்னும் இரு உலோக முனைகள் பிரியும் கணத்தில்தான் பிளக்கில் பொறி தெறிக்கும். முனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கூடவே, வேகம் கூடக்கூடப் பொறியை முன்னதாகவே வரவழைக்க, ஸ்பிரிங்கில் கட்டிய இரு சிறு எடைகள் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்தால் வேடிக்கை: வேகம் சற்றே கூடும், எடைகள் விரியும், பொறி முந்தும், வேகம் மேலும் கூடும். பிறகு சரியும். ஸ்க்ரூவை எத்தனை முறை திருப்பினாலும் இந்த ஊஞ்சலாட்டம் நிற்காது.

வால்வு இடைவெளி தவறினாலும் ஸ்லோ நிற்காது. அதைச் சோதிக்கும் முறை இன்னும் அழகு. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். இரு வால்வுகளும் மூடிய நிலையில் பிஸ்டன் உச்சியில் இருக்க வேண்டும். வலப்பக்கச் சிறு மூடியைக் கழற்றினால், வால்வுகளைத் திறக்கும் இரண்டு தள்ளுகம்பிகள் தெரியும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திருப்பிப் பாருங்கள். கம்பி தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இதற்கு அளவுகோல் வேண்டாம், விரல் போதும். சுழல மறுத்தால் வால்வு முழுதாக மூடவில்லை, அழுத்தம் கசிகிறது.

ஆகவே ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகியிருக்கிறது. பிறகு புதுப் பெட்ரோல், பிளக், பேட்டரி, பாயின்ட், வால்வு, காற்றுக் கசிவு, பைலட் ஜெட். இவையெல்லாம் சரியான பிறகு, என்ஜின் நன்றாகச் சூடானதும், ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். வெற்றோட்ட வேகத்தை மாற்றும் 'ஸ்லோ ஸ்க்ரூ'வால் அதைக் கீழே இறக்குங்கள். நம்மில் பலர் முதலில் திருப்புவது இந்த இரண்டு ஸ்க்ரூக்களைத்தான். அவற்றைக் கடைசியில் தொடுங்கள்.