வழக்கறிஞர்மீது புகார் செய்யலாமா?

சுங்கை வேயில் வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தந்தை தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தாயார் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பணிபுரிகிறார். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அவர்கள் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்க முடிவு செய்கின்றனர். அதற்காக ஒரு வழக்கறிஞரை நாடி, கட்டணத்தோடு வீட்டின் முன்பணத்தையும் அவரிடம் ஒப்படைக்கின்றனர். மாதங்கள் கடக்கின்றன. கடிதங்களுக்குப் பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தால், “அவர் வெளியே சென்றிருக்கிறார்” என்ற பதிலே கிடைக்கிறது. பணம் எங்கே இருக்கிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்நிலையில் அக்குடும்பம் யாரிடம் முறையிடலாம்?

வாங்கிய மின்விசிறி பழுதாகிவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் அம்மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. ஆனால், வேறொரு சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் நிபுணர்களின் சேவை அச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை. வழக்கறிஞர்களும் அத்தகையோரே. தீபகற்ப மலேசியாவில் அவர்களுக்கென 1976-ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டம் உள்ளது. சபா, சரவாக் மாநிலங்களில் தனிச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன.

சட்டத் தொழில் சட்டத்தின்கீழ் அமைந்ததே வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியம். 1992-ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரில் செயல்பட்டுவரும் இவ்வாரியம், வழக்கறிஞர் மன்றத்தின் ஒரு பிரிவு அன்று. அதிலிருந்து வேறுபட்ட தனி அமைப்பாகும். வழக்கறிஞரின் நடத்தை பற்றிய புகார்கள் இங்குதான் செல்ல வேண்டும்.

தனி வாரியம் எதற்கு என்ற கேள்வி எழலாம். வழக்கறிஞர் மன்றம் என்பது வழக்கறிஞர்களின் சொந்த அமைப்பு. தம் உறுப்பினரைத் தாமே விசாரித்தால், தீர்ப்பு நேர்மையாகவே இருந்தாலும் பொதுமக்கள் ஐயம் கொள்வர். அப்படியானால், அந்த அதிகாரத்தை அரசாங்கத்திடம் கொடுத்துவிடலாமா? அதிலும் ஓர் ஆபத்து உண்டு. சில வழக்குகளில் வழக்கறிஞர்கள் அரசாங்கத்தை எதிர்த்தே வாதாட வேண்டியிருக்கும். தம் தொழிலைப் பறிக்கும் அதிகாரம் எதிர்த்தரப்பின் கையில் இருந்தால் அவர்களால் அச்சமின்றிப் பேச இயலாது. இவ்விரண்டு சிக்கல்களையும் தவிர்க்கவே நடுநிலையான அமைப்பு தேவைப்படுகிறது. வாரியத்தின் தலைவரை மலாயாத் தலைமை நீதிபதி நியமிக்கிறார். வாரியத்தின் செலவுக்கு வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் பணம் செலுத்துகின்றனர்.

புகார் செய்யும் முறை கடினமானதன்று. நடந்ததை நாள்வாரியாக எழுதி, கையொப்பமிட்டு, பற்றுச்சீட்டு, ஒப்பந்தம், கடிதம் முதலிய சான்றுகளின் நகல்களுடன் அனுப்ப வேண்டும். அதற்கெனக் கட்டணமும் உண்டு. புகார் செய்பவர் இன்னொரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கறிஞரிடம் எழுத்துவழி விளக்கம் கேட்கும். புகாரில் அடிப்படை இல்லையென்றால் அது தள்ளுபடி செய்யப்படும். இருந்தால், மூவர் அடங்கிய ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரணை நடத்தும். அம்மூவரில் இருவர் வழக்கறிஞர்கள். ஒருவர் வழக்கறிஞர் அல்லாதவர். சட்ட நுணுக்கத்தை அறிந்தவர்களோடு, பொதுமக்களின் கண்ணோட்டத்தில் பார்ப்பவரும் இருக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

நேர்மையற்ற நடத்தை, வாடிக்கையாளரின் நலனை அறவே புறக்கணித்தல் போன்றவை தவறான நடத்தைகளாகக் கருதப்படுகின்றன. குற்றம் உறுதியானால் வாரியம் வழக்கறிஞரைக் கண்டிக்கலாம், அபராதம் விதிக்கலாம், ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்திற்குத் தொழில் செய்யத் தடை விதிக்கலாம். மிகக் கடுமையான தண்டனை, வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதாகும். முடிவை ஏற்காதவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இந்த உரிமை குற்றம் சாட்டப்பட்டவரையும் பாதுகாக்கிறது. வழக்கில் தோற்றுவிட்டோம் என்ற கோபத்தில் சிலர் புகார் எழுதக்கூடும். தோல்வி ஒன்றே வழக்கறிஞரின் குற்றத்திற்குச் சான்றாகிவிடாது.

ஆயினும், வாரியத்தின் முதன்மைப் பணி வழக்கறிஞரின் ஒழுக்கத்தைக் காப்பதே. ஏற்பட்ட இழப்புக்கு ஈடு கட்டுவது அன்று. கவனக்குறைவால் நேர்ந்த நட்டத்திற்கு இழப்பீடு கோருபவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். பணம் கையாடப்பட்டிருந்தால் காவல் துறையில் புகார் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளரின் பணத்தை வழக்கறிஞர் தம் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது விதி. வேலியே பயிரை மேய்ந்தாற்போல அப்பணத்தை அவரே கையாடிவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் இழப்பீட்டு நிதிக்கும் விண்ணப்பிக்கலாம்.

பிற நாடுகளும் இச்சிக்கலை எதிர்கொண்டுள்ளன. இங்கிலாந்தில் 2007-ஆம் ஆண்டு சட்டத்தின்படி சட்டச் சேவைகளுக்கான முறையீட்டு அதிகாரி அலுவலகம் உருவாக்கப்பட்டு, 2010-இல் பணியைத் தொடங்கியது. அது மோசமான சேவைக்கு இழப்பீடு வழங்கும்படியும் உத்தரவிட முடியும். இந்தியாவில் 2024-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞரின் சேவை பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்படாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் வழக்கறிஞரின் நடத்தை பற்றிய புகார்களைத் தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றமே இன்றும் விசாரிக்கிறது. சேவைக் குறைபாட்டிற்குத் தனி அமைப்பு இழப்பீடு வாங்கித் தருவது ஒரு முறை. ஒழுக்கத்தை மட்டும் கண்காணிப்பது இன்னொரு முறை. மலேசியாவின் வாரியம் இரண்டாம் முறையைச் சார்ந்தது. ஆனால், அது வழக்கறிஞர் மன்றத்திலிருந்து தனித்து நிற்கிறது.

சுங்கை வேக் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது யாது? வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் எழுதி, பணம் பற்றிய கணக்கைக் கேட்டு, பதிலுக்கு ஒரு நாளையும் குறிப்பிட வேண்டும். கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால் அக்கடிதமே வாரியத்தின்முன் வலுவான சான்றாக நிற்கும். வாய்ப்பேச்சை மறுத்துவிடலாம், எழுத்தை எளிதில் மறுக்க இயலாது.

பெரும்பாலான மக்கள் வழக்கறிஞரை மரியாதையுடன் அணுகுகின்றனர். அது நல்ல பண்பே. ஆயினும், மரியாதை வேறு, அச்சம் வேறு. தம் பணத்திற்குக் கணக்குக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கணக்குக் காட்டுவது வழக்கறிஞரின் கடமை. அந்த உரிமையை அறிந்த குடும்பம், பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காது.