பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் யார் தெரியுமா? ஜப்பான் போகிறவர்களுக்கான வியப்புகள்!

ஜப்பானுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, கையில் இருக்கும் ஏழெட்டு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று திண்டாடுகிறீர்களா? டோக்கியோ, ஃபியூஜி மலை, கியோட்டோ, ஒசாகா என்று எல்லோரும் போகும் பட்டியல் எப்படியும் கையில் இருக்கும். இருக்கட்டும், நல்ல இடங்கள்தான்! ஆனால் எந்த நேரத்தில் போய் நிற்பது, ரயிலில் எந்த ஜன்னலைப் பிடிப்பது, எந்தச் சிலையின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்பது என்று தெரிந்துகொண்டு கிளம்பிப் பாருங்கள். அதே ஊர் உங்களுக்கு மட்டும் தனியாகக் கதவு திறக்கும்.

ரயிலிலிருந்தே தொடங்குவோம். 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஷின்கான்சென்தான் உலகின் முதல் அதிவேக ரயில். சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் மூன்று இருக்கை, மறுபக்கம் இரண்டு. அந்த இரட்டை இருக்கைப் பக்கத்து ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள்! டோக்கியோவில் ஏறி முக்கால் மணி நேரத்துக்குள், மேகம் மறைக்காவிட்டால், 3,776 மீட்டர் உயர ஃபியூஜி மலை முழுசாக வந்து நிற்கும். திரும்பி வரும்போதும் அதே இரட்டை இருக்கைப் பக்கம்தான். குளிர்கால நாட்களில், அதுவும் காலை வேளையில், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். வெளிநாட்டவருக்கான ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலில் 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர மட்டும் என்றால் தனித்தனி டிக்கெட்தான் லாபம்.

டோக்கியோவில் 2012இல் திறந்த ஸ்கைட்ரீ கோபுரத்தின் உயரம் 634 மீட்டர். ஏன் 634 தெரியுமா? ஜப்பானிய மொழியில் ஆறு, மூன்று, நான்கு என்ற எண்களை ‘மு-சா-ஷி’ என்று வாசிக்கலாம். முசாஷி என்பது டோக்கியோ வட்டாரத்தின் பழைய பெயர்! அங்கிருந்து அசகுசா பக்கத்தில்தான். அசகுசா தெருக்களில் ஆள் இழுக்கும் வண்டிகள் சுற்றுலாப் பயணிகளுக்காக இன்னும் ஓடுகின்றன. ‘ஜின்-ரிகி-ஷா’, அதாவது மனித-சக்தி-வண்டி. நாம் நாள் முழுக்கச் சொல்கிற ‘ரிக்‌ஷா’ இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்!

அசகுசாவுக்கு வருகிறவர்கள் சென்சோஜி கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இன்னும் கொஞ்ச தூரம் நடங்கள். மட்சுசியாமா என்ற சின்னக் குன்றின் மேல் ஒரு கோயில். மூலவர் யார் தெரியுமா? நம்ம பிள்ளையார்! ஷோதென் என்பது அவருடைய அங்கத்துப் பெயர். பக்தர்களுக்கு மூலவரின் திருவுருவத்தைக் காட்டுவதில்லை. பக்தர்கள் அவருக்கு வைக்கும் படையல் அருகம்புல் இல்லை. கை நீள வெள்ளை முள்ளங்கி! கோயிலிலேயே விற்கிறார்கள், வாங்கி முழுசாகச் சன்னதியில் வைக்கிறார்கள். கோயில் முழுக்க முள்ளங்கிச் சின்னம் செதுக்கியிருக்கும், தேடிப் பாருங்கள்.

கியோட்டோவுக்கு வாருங்கள். ரியோவான்ஜி கோயிலின் கல் தோட்டத்தில் மொத்தம் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் ஒரு கல் மறைந்துகொள்ளும்! நிஜோ கோட்டையின் நடைபாதைப் பலகையில் கால் வைத்தால் குருவி கத்துவது போல ஒலி எழும். பலகைக்கு அடியில் இருக்கும் ஆணியும் இரும்புப் பிடியும் உரசுவதுதான் காரணம். மெல்ல நடந்தாலும் கத்தும்! ஃபுஷிமி இனாரி மலையில் ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரி வாயில்கள் வரிசையாக நிற்கின்றன. கட்டணமும் இல்லை, கதவடைக்கும் நேரமும் இல்லை. பத்து மணிக்குப் போனால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்; விடியற்காலையில் போங்கள். ஏறும்போது தூண்கள் வெறுமையாக இருக்கும். இறங்கும்போதுதான் எழுத்து தெரியும்: வாயிலை நேர்ந்துகொண்டு நிறுத்தியவர்களின் பெயரும் தேதியும் பின்பக்கத்தில்தான் பொறித்திருக்கிறார்கள்!

கியோட்டோவில் ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், தங்கக் கோயிலைவிட சன்ஜூசான்கென்தோவுக்குத்தான் நான் கைகாட்டுவேன். சுமார் 120 மீட்டர் நீள மர மண்டபம். உள்ளே கன்னோன் என்ற போதிசத்துவரின் 1,001 சிலைகள், ஆள் உயரத்தில், படிப்படியாக வரிசை கட்டி நிற்கின்றன. 1249இல் மண்டபம் எரிந்தபோது தீயிலிருந்து காப்பாற்றியவை 124. மற்றவற்றைப் பிறகு செதுக்கிச் சேர்த்தார்கள். அவற்றின் முன்னால் நிற்கும் 28 காவல் தெய்வங்களை அவசரப்படாமல் பாருங்கள். போன்தென், நம் பிரம்மா. தைஷாகுதென், இந்திரன். கருரா என்று ஒருவர், அலகும் சிறகுமாக நின்று புல்லாங்குழல் வாசிக்கிறார். ஆமாம், கருடாழ்வார் கையில் புல்லாங்குழல்! உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் கண்ணில்தான் எடுத்து வர வேண்டும்.

இப்போது நாரா. மான்களுக்காக எல்லோரும் போகிறார்கள். ஆயிரத்துக்கும் மேல் மான்கள், பிஸ்கட்டுக்காகத் தலை வணங்கும். குழந்தைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் தொதாய்ஜி கோயிலுக்குள் போய், சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தரின் கண்களை அண்ணாந்து பாருங்கள். நம் ஊரில் சிலை முடிந்ததும் கண் திறக்கும் சடங்கு உண்டல்லவா? 752இல் இந்தச் சிலைக்கும் அது நடந்தது. தூரிகை பிடித்துக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி! தென்னிந்தியர் என்பார்கள், மதுரைக்காரர் என்றே சொல்வோரும் உண்டு. சீனா வழியாகக் கடல் கடந்து 736இல் ஜப்பான் வந்து சேர்ந்தவர். அந்தத் தூரிகையில் நீலப் பட்டுக் கயிறு ஒன்றைக் கட்டி, அதன் நீளத்தைக் கூடியிருந்தவர்கள் கையில் கொடுத்தார்கள். அவர் கை அசைந்தபோது அந்த அசைவு கயிற்றைப் பிடித்திருந்த ஒவ்வொரு கைக்கும் போனது. கண் திறந்த புண்ணியம் எல்லோருக்கும்! தீயில் இரண்டு முறை பாழான சிலையைப் பிற்காலத்தில் வார்த்துச் சேர்த்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் தூரிகையும் கயிறும் 1,270 ஆண்டு கடந்து ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. அக்டோபர் கடைசியில் நாரா அருங்காட்சியகத்தில் அந்தக் கருவூலப் பொருள்களின் கண்காட்சி நடக்கும். பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் தேதியை அதற்குத் தோதாக மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்!

ஹிரோஷிமாவுக்கு ஒரு நாள் கட்டாயம் ஒதுக்குங்கள். 1945 ஆகஸ்ட் 6இல் அணுகுண்டு விழுந்து, மூன்றே நாளில் அந்த ஊரின் டிராம் ஒரு சிறு பகுதியில் மறுபடி ஓடியது. பக்கத்தில் மியாஜிமா தீவு. கடலில் நிற்கும் சிவப்பு வாயில் மண்ணில் புதைக்கப்படாமல் சொந்த எடையிலேயே நிற்கிறது, தெரியுமா? ஓதம் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் பார்த்துப் போனால் ஒரே நாளில் அது மிதப்பதையும் பார்க்கலாம், அதன் காலடி வரை நடந்தும் போகலாம்.

சரி, ஒரே ஒரு இரவை எங்கே கழிப்பது என்று கேட்டால் கோயாசான் என்பேன். ஒசாகாவிலிருந்து ரயில், பிறகு கேபிள் கார். கூகாய் என்ற துறவி 816இல் தொடங்கிய மலைத் தலம். ஐம்பது கோயில்களுக்கு மேல் பயணிகளுக்கு அறை தருகின்றன. இரவுச் சாப்பாடு முழு சைவம். மீன் சாறுகூட சேராது. ஜப்பானில் சைவக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அங்குள்ள ஒகுனோயின் இடுகாட்டில் வானுயர்ந்த சிடார் மரங்களுக்கு இடையே இரண்டு லட்சத்துக்கும் மேல் நினைவுக் கற்கள். பூச்சி மருந்து அடிப்பவர்கள் தாங்கள் கொன்ற கரையான்களுக்காக வைத்த நினைவுக் கல்கூட உண்டு! பல கற்களில் சதுரம், வட்டம், முக்கோணம், பிறை, நுனியில் மொட்டு என்று ஐந்து வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். பஞ்சபூதமேதான்! அவற்றின் மேல் வடமொழி எழுத்துகள், சித்தம் என்ற பழைய இந்திய வரிவடிவத்தில்.

பாதையின் முடிவில் கூகாயின் சமாதி. 835இல் அவர் இறக்கவில்லை, உள்ளே தியானத்தில் இருக்கிறார் என்பது அங்கத்து நம்பிக்கை. அதனால் அவருக்குத் தினமும் சாப்பாடு போகிறது! காலை 6 மணிக்கு ஒரு முறை, 10:30க்கு ஒரு முறை. துறவிகள் இருவர் மரப் பெட்டியைத் தோளில் சுமந்து சமாதிக்குப் போகும் பாலத்தைக் கடப்பார்கள், முன்னால் ஒருவர் நடப்பார். முதல் நாள் இரவே மலைக்குப் போய்த் தங்கினால்தான் அந்த ஆறு மணிக்குப் பாலத்தருகே நிற்க முடியும்.